எந்த மீன் இருக்கிறது?

ஆலைக் கழிவு இரவோடு இரவாக ஆற்றில் இறங்கி ஓடிவிட்டால், காலையில் சோதனைக்காகப் பாட்டிலில் நீர் எடுக்க வருபவருக்கு அது அகப்படாது. மீன் வருடக் கணக்கில் அந்த நீரிலேயே சுவாசித்து, இரை தேடி, முட்டையிட்டு வாழ்கிறது. வந்துபோன நஞ்சு அதன் உடம்பிலும் இனத்தின் எண்ணிக்கையிலும் பதிந்துவிடுகிறது.

மீன்களைக் கொண்டு ஆற்றின் நலத்தை அறிவதை மதிப்பெண் முறையாக்கியவர் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார். 1981-இல் அவர் வகுத்த குறியீட்டில் 12 கேள்விகள்: எத்தனை இனங்கள், மாசைத் தாங்காதவை எத்தனை, பிற மீன்களைத் தின்பவை எவ்வளவு, எத்தனை மீன்களில் புண்ணும் கட்டியும் தெரிகின்றன என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் 5, 3 அல்லது 1. அதிகபட்ச மொத்தம் 60.

வெப்ப நாடுகளுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. காரின் பட்டியலில் இருந்த டார்ட்டர், சன்ஃபிஷ் எல்லாம் வட அமெரிக்க மீன்கள். இந்திய ஆற்றில் அடிமணலில் மேயும் அயிரை போன்றவற்றைத்தான் தேட வேண்டும். இன்னொரு சிக்கல் வெப்பம். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடை கலந்தால் அதுவும் குறைந்துவிடும். அப்போதும் விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். மீன் துள்ளுவதைப் பார்த்து ஆறு நன்றாக இருப்பதாகக் கரையில் நிற்பவர் நம்பிவிடுவார். அயிரை மறைந்து ஜிலேபிக் கெண்டை மட்டும் பெருகிய ஆற்றிலும் வலை நிறையத்தான் செய்யும்.

மத்தியப் பிரதேசத்தின் கான் ஆறு இந்தூர் நகரின் கழிவைச் சுமந்துகொண்டு, உஜ்ஜயினிக்கு மேலே க்ஷிப்ராவில் கலக்கிறது. இவ்விரு ஆறுகளுக்கும் காரின் முறையைத் திருத்திப் பொருத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. அமெரிக்கரான ராபர்ட் ஹியூஸ் அதை எழுதிய இருவரில் ஒருவர். சுத்திகரிக்காத நகரக் கழிவும் ஆலைக் கழிவும் சேரும் இடங்களுக்குக் கீழே மதிப்பெண் சரிந்தது.

உஜ்ஜயினியில் 2016-இல் நடந்த சிம்ஹஸ்த கும்பமேளாவுக்கு நர்மதை நீரைக் கொண்டுவந்து க்ஷிப்ராவில் விட்டார்கள். நீராட வந்த பக்தர்களுக்கு அது தேவைதான். வேறோர் ஆற்றின் நீர் கலந்ததும் சோதனைக்கூட எண்கள் சட்டென்று மேம்படும். மீன் இனங்கள் அவ்வளவு விரைவில் திரும்பாது. அவை முட்டையிட இடம் வேண்டும், குஞ்சுகள் வளரப் பருவங்கள் வேண்டும்.

அடுத்த மேளா 2028-இல். அதற்கான நீர்ச் சோதனையோடு மீன்களை இனம் பிரித்து எண்ணும் வேலையையும் சேர்த்தாக வேண்டும். படித்துறைகளோடு நின்றுவிடாமல், கான் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் வலை வீசி, அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.