திராட்சரசமும் சகோதரனின் இடறலும்

மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர்களில் ஊழியஞ் செய்யும் போதகர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்ப இயலாது. "ஐயா, கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரே திராட்சரசம் உண்டாக்கினாரே, நாங்கள் குடித்தால் மட்டும் பாவமா?" கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். அவருடைய மனைவியோ சிரிப்பதில்லை. நம் விடைக்காகக் காத்திருக்கிறார்.

1. சொல்லின் பொருள்

நம் திருமறையிலுள்ள 'திராட்சரசம்' என்னும் சொல் தமிழ்ச் செவிக்குப் பழச்சாறு என்றும் படும், மது என்றும் படும். ஆகவே, "அது வெறும் சாறுதான்" என்று கூறி ஒதுங்கிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை கோடையின் இறுதியில் நிகழ்வது; பஸ்காவோ இளவேனிலில் வருவது. அத்தனை மாதம் சாறு புளியாதிருத்தல் அரிது. கொரிந்து சபையில் திருவிருந்துப் பந்தியிலேயே சிலர் வெறித்திருந்தனர் (1 கொரி. 11:21). சாற்றைச் சூடாக்கிப் புளியாமற் காத்துத் திருவிருந்துக்குப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க மெதடிஸ்தரான தாமஸ் வெல்ச் 1869இல்தான் கண்டார்.

2. திருமறையின் இருவகைச் சான்று

திராட்சரசம் தேவன் அருளிய மகிழ்ச்சி எனச் சங்கீதக்காரன் பாடுகிறான் (சங். 104:15). அதன் கொடுமையை நீதிமொழிகள் விரித்துரைக்கிறது (23:29-35). தீமோத்தேயுவுக்கு அது மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. நசரேயரும் ரேகாபியரும் அதனை முற்றும் விலக்கினர். வெறி திட்டமாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அருந்துதல் எல்லார்க்கும் எக்காலத்தும் தடுக்கப்படவில்லை. லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் பொதுவாக மிதத்தை வற்புறுத்தியதும், இரட்சணிய சேனை முழு விலக்கை ஏற்றதும் இவ்விரு சான்றுகளால் விளைந்தவையே.

3. நம் சூழ்நிலை

எனினும், அக்காலத்தார் உணவோடு, பெரும்பாலும் நீர் கலந்து அருந்திய ரசம் வேறு. நம் ஊர்களில் கூலிப்பணத்தை விழுங்கும் காய்ச்சி வடித்த மது வேறு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையை நடத்துகிறது. நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில், மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விடத்தில் நின்று "குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்பது போதாது. "என் உரிமை யாரை இடறச் செய்கிறது?" என்பதே பவுல் அடிகளின் கேள்வி (ரோ. 14:21).

4. போதகரின் கடமை

ஆகவே நாம் கானாவூர் அற்புதத்தைத் திரித்துரைக்க வேண்டுவதில்லை. உரிமை உண்டென்று அறிந்தே, அன்பினிமித்தம் அதை விட்டுவிடுகிறோம். இவ்விலக்கை இரட்சிப்பின் நிபந்தனையாக்கலாகாது; குடிப்பவரை வாசலில் நிறுத்துதலும் ஆகாது. நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால் அவருக்காக ஜெபிக்கும் நாம், அவரை மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோமாக. காத்திருக்கும் அம்மனைவிக்கு நாம் தரவேண்டிய விடை இதுவே.