மூடுபனி ஏன் சாம்பலானது?

சென்ற மார்கழியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாவின் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். முசிறி – குளித்தலை பாலத்தில் நின்று விடியலில் எடுத்த காவிரிப் படம். “நேர்ல வெள்ளையா இருந்துச்சு சார், படத்துல அழுக்கா இருக்கு. அப்புறம், பனி மேலேர்ந்து இறங்குதுன்னு சொன்னீங்க. ஆத்துலேர்ந்து கிளம்புற மாதிரில்ல இருக்கு?”

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ‘பனி பெய்கிறது’ என்று பேசிப் பழகியதையே பல ஆண்டுகளாகப் பாடமாகவும் சொல்லியிருக்கிறேன். மறுநாள் ஆறு மணிக்கே பாலத்துக்குப் போனேன்.

அவள் பார்த்ததுதான் சரி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து ஆற்றின் மேல் வந்து படிகிறது. தண்ணீர் அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாகிவிடுகிறது. சூடான தேநீர்க் குவளையின் மேல் நாம் பார்ப்பதும் இதுவே. (ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பார்வை மறைந்தால்தான் வானிலைத் துறையினர் அதை மூடுபனி என்பார்கள்.)

இனி அந்தச் சாம்பல் நிறம். காட்சி நடுத்தர வெளிச்சம் உடையது என்று வைத்துக்கொண்டே கேமரா கணக்கிடுகிறது. சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ஒளி மிகுந்துவிட்டதாக எண்ணிக் குறைத்துவிடும். திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினேன், வெண்மை திரும்பியது. இதை வகுப்பிலும் செய்து பார்க்கலாம். வெள்ளைச் சார்ட்டை மட்டும் ஒரு படம், கரும்பலகையை மட்டும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்திருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அங்கே காவிரி கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆறு போகும் திசையில் திரும்பி நின்றால் ஏறக்குறைய சூரியனுக்கு எதிரே நிற்போம். நுண்துளிகள் தம்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிப்பதால் அந்தப் பக்கம் பனி ஒளிர்கிறது. மேற்கே திரும்பினால் மங்கல்தான். கரையோர மரம் ஒன்று முன்னால் கறுத்து நின்றால் தொலைவும் புலப்படும். சூரியன் சற்று ஏறியதும் கண்கூசும். அப்போது நேராகப் பார்க்கக் கூடாது. துளிகளும் ஆவியாகி, எட்டு மணிக்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

அன்று வகுப்பில் முதல் வேலையாக என் பழைய விளக்கத்தைத் திருத்தினேன். சார்ட் சோதனையை அவளே செய்து காட்டினாள். பாலத்தில் பேருந்துகள் விரைந்து வரும். பெற்றோர் துணையில்லாமல் யாரும் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.