யூடியூப் பார்த்து குழந்தைகளுக்கு யோகா டீச்சர் ஆக முடியுமா?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அவிநாசி, திருப்பூர் பக்கம் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு மாலை முழுக்கத் துணை செல்போன்தான்.

அதே செல்போனை வைத்து, தெருவில் இருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு யோகா சொல்லித்தரும் டீச்சர் ஆகலாம் என்று ஆசைப்படும் பெண்கள் உண்டு. வீட்டை விட்டு அதிக தூரம் போக வேண்டாம், கையில் கொஞ்சம் காசும் புரளும். 'சில நாள்களில் சான்றிதழ்' என்ற விளம்பரங்களும் போனில் வந்தபடி இருக்கின்றன. நம்பி இறங்கலாமா?

பாதிக் கல்வி போனில் கிடைக்கும். மீதிக்கு நேரில் ஓர் ஆசிரியர் வேண்டும். எந்தப் பாதி எது என்று தெரியாமல் இறங்கினால், பாதிக்கப்படுவது பிள்ளையின் கழுத்தும் முதுகும்தான்.

அப்பாவிடம் கற்ற யோகா பாட்டி

'யோகா பாட்டி' நானம்மாளை கொங்கு மண்டலத்தில் தெரியாதவர்கள் குறைவு. பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அப்பாவிடம் ஆசனம் கற்கத் தொடங்கினார். கோவையில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019 அக்டோபரில் 99 வயதில் காலமானார்.

அவர் ஆசனம் செய்யும் வீடியோக்கள் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. ஆனால், அவர் கற்றது தவறும்போது திருத்த அப்பா பக்கத்திலேயே இருந்த வகுப்பில். வீடியோ உங்களுக்குக் காட்டும். நீங்கள் செய்வதை அது பார்க்காது.

போனில் என்ன கிடைக்கிறது?

* என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள்: 6 முதல் 10-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான யோகா புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆசனத்தையும் படிப்படியாக விளக்கி, யார் செய்யக் கூடாது என்றும் சொல்கின்றன.
* ஸ்வயம்: மத்திய அரசின் இணையக் கல்வித் தளம். யோகா தொடர்பான பாடங்களும் அவ்வப்போது வரும். படிப்பது இலவசம்; தேர்வு எழுதி சான்றிதழ் பெற மட்டும் கட்டணம்.
* எம்-யோகா செயலி: உலக சுகாதார நிறுவனமும் ஆயுஷ் அமைச்சகமும் சேர்ந்து 2021-ல் கொண்டுவந்தது. ஆனால் இது 12 முதல் 65 வயது வரையிலானவர்களுக்கானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படியே பயன்படுத்த முடியாது.
* காஸ்மிக் கிட்ஸ் யோகா: இங்கிலாந்தின் ஜேமி அமோர் நடத்தும் யூடியூப் சேனல். கதை சொல்லிக்கொண்டே ஆசனங்களைச் செய்யவைப்பார். ஆங்கிலம் புரியாவிட்டாலும், சின்னப் பிள்ளைகளை எப்படிக் கட்டிப்போடுவது என்பதைப் பார்த்துக் கற்கலாம்.

அவிநாசிக்கு ஏற்ற கதை

கதைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. முதலை விழுங்கிய பிள்ளையை சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை இந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தெரிந்ததுதான். குளக்கரை மரத்துக்கு விருட்சாசனம், புதரில் நெளியும் பாம்புக்கு புஜங்காசனம், முதலைக்கு மகராசனம், பிள்ளை பத்திரமாக வீடு வந்து தூங்குவதற்கு சவாசனம் என்று அடுக்கினால் ஒரு வகுப்பே தயார்.

ஐந்து வயதுப் பிள்ளையால் ஒரே நிலையில் வெகுநேரம் நிற்க முடியாது. ஆசனங்கள் சீக்கிரம் மாற வேண்டும். பத்து வயதைத் தாண்டியவர்களிடம் கதையைக் குறைத்து, பாதம் எங்கே, முதுகு எப்படி என்று சொல்லித்தரலாம்.

வீடியோவை எப்படிப் பார்க்க வேண்டும்?

முதல்முறை செய்யாமல் வெறுமனே பாருங்கள். இரண்டாவது முறை யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மூச்சை எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். பிறகு போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, நீங்கள் செய்வதைப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். முன்பக்கம் இருந்து எடுத்தால் முதுகு வளைந்திருப்பது தெரியாது.

இன்னொரு நுட்பம் உண்டு. பிள்ளைகளைப் பார்த்து நிற்கும் டீச்சர் 'வலது கை' என்று சொல்லிக்கொண்டே தன் இடது கையைத் தூக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் பார்த்துத்தான் அவர்கள் செய்வார்கள். வகுப்பு எடுக்கும் முன் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

இவற்றில் கவனம்

* சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் வகுப்பு.
* சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றை வீடியோ பார்த்துச் சொல்லித்தரவே கூடாது. கழுத்தில் பாரம் இறங்கும்.
* சின்னப் பிள்ளைகளை மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். தேனீபோல ரீங்காரமிடும் பிராமரி போதும்.
* வீசிங், வலிப்பு, இதயப் பிரச்னை, சமீபத்தில் ஆபரேஷன் ஆனது பற்றி எல்லாம் முதல் நாளே பெற்றோரிடம் கேளுங்கள். இருந்தால், டாக்டர் அனுமதித்த பிறகே சேர்க்க வேண்டும்.
* தொட்டுத் திருத்துவதைவிட வாயால் சொல்லித் திருத்துவதே நல்லது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் வீடியோவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?

வீடியோ பார்த்து முடித்ததும் தானாக வரும் சான்றிதழ், நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியம் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வைக்கிறது. புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர் என்று படிப்படியாக நிலைகள் உண்டு.

அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் அமைப்பில் குழந்தைகளுக்கான ஆசிரியராகப் பதிய, 200 மணி நேர அடிப்படைப் பயிற்சியோடு, குழந்தைகள் யோகாவுக்கென 95 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். சில நாள்களில் ஆசிரியர் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பணம் கட்டும் முன், சான்றிதழை யார் தருகிறார்கள், செய்முறைத் தேர்வு உண்டா என்று கேளுங்கள்.

நேரடிப் பயிற்சிக்கு இந்தப் பக்கம் வழி இருக்கிறது. கோவை சுமார் 40 கிலோமீட்டர்தான். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் கொங்கு ஊர்களில் பரவலாக உள்ளன. வாரம் ஒருநாள் ஓர் ஆசிரியர் முன் செய்து காட்டி, மற்ற நாள்களில் போனில் படித்தால் இரண்டு பாதியும் சேர்ந்துவிடும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையை வகுப்பில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் யாரிடம் நேரில் கற்றீர்கள்? என் பிள்ளையின் வயதுக்கு எந்த ஆசனங்களைத் தவிர்ப்பீர்கள்? வகுப்பு நடக்கும்போது நான் உட்கார்ந்து பார்க்கலாமா?

மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் சேர்க்கலாம். டீச்சராக நினைப்பவர்கள், இந்தக் கேள்விகளுக்குத் தங்களிடம் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போர்டு மாட்டலாம்.