வன்னி தரும் சுவை

ஊருக்கு ஒரு பேச்சு உண்டு; ஊருக்கு ஒரு சுவையும் உண்டு. யாழ்ப்பாணம் என்றதும் ஒடியற்கூழும், மட்டக்களப்பு என்றதும் எருமைத் தயிரும் நினைவில் எழுகின்றன. அங்ஙனமாயின் வன்னியின் சுவை யாது?

காடு தருவது பாலைப்பழம். வைகாசி, ஆனி மாதங்களில் மஞ்சளாய்க் கனியும் இச்சிறு பழத்தைக் கரடியும் விரும்பும், நாமும் விரும்புவோம். உண்டபின் உதட்டில் ஒட்டும் பாலைப் போக்குவதே பெரும்பாடு! நந்திக்கடல் தருவது இறால். வயல் தரும் அரிசியோ வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியில் வைகாசிப் பொங்கலாகின்றது.

இவற்றோடு எண்ணத்தக்கது இன்னொன்றும் உண்டு. 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி நாட்களில், முள்ளிவாய்க்காற் கரையில் அடைபட்ட மக்களின் உயிரைத் தாங்கியது உப்பிட்ட அரிசிக்கஞ்சி. அரிசி சிறிது, நீரே பெரிது. அதனைப் பெறவும் குழந்தைகள் பாத்திரம் ஏந்தி வரிசையில் நின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி இன்றும் காய்ச்சி வழங்கப்படுகின்றது.

"இதில் என்ன சுவை?" என்று பிள்ளைகள் கேட்பர். கேட்கட்டும். பாலைப்பழத்தின் இனிமையை அவர்களுக்குக் காட்டும் நாம், இக்கஞ்சியின் வரலாற்றை மறைத்தல் தகுமோ? ஒரு சிரட்டைக் கஞ்சியை அவர்கள் கையிற் கொடுத்து, அருகிருந்து சொல்வோம்.