மூன்று விநாடி மல்லுக்கட்டை எப்படி அளப்பது?

ஆரன் டொனால்டைப் பற்றி அணிகள் முதலில் சொன்ன குறை, ஆள் குட்டை என்பதுதான். உயரம் ஏறக்குறைய ஆறடி ஒரு அங்குலம், எடை 129 கிலோ. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் உடம்பு. அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்க அது போதாது என்று பலர் நினைத்தார்கள். 2014 டிராஃப்டில் 12 பேருக்குப் பிறகே செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அவரை எடுத்தது. டொனால்ட் பிறகு மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். 10 பருவங்களில் 111 சாக் எடுத்தார். சாக் என்றால், பந்தை எறியும் வீரரான குவாட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் கீழே சாய்ப்பது.

ஏப்ரல்தோறும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லின் 32 அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைப் பொறுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். அதற்குச் சில வாரங்கள் முன்பு, இண்டியானாபோலிஸில் கம்பைன் என்ற உடற்தகுதித் தேர்வு நடக்கிறது. 40 கெஜ ஓட்டம், 102 கிலோ பளுவைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார் என்ற கணக்கு, தாவல், வளைந்து திரும்பும் ஓட்டம் எல்லாம் உண்டு. தொலைக்காட்சிக்குப் பிடித்தது 40 கெஜம். ஆனால், தடுப்பு வரிசைக்காரர் ஆட்டத்தில் அவ்வளவு தூரம் நேராக ஓடுவது அபூர்வம். பந்து பெரும்பாலும் மூன்று விநாடிக்குள் கைவிட்டுப் போய்விடும். அதனால், விவரம் தெரிந்தவர்கள் அந்த ஓட்டத்தின் முதல் 10 கெஜத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

அடுத்தது கை நீளம். குவாட்டர்பேக்கைக் காக்க எதிரில் நிற்கும் காவல் வீரரின் நெஞ்சில் யார் கை முதலில் படுகிறதோ, அவர் பிடி ஓங்கும். எனவே, தோளிலிருந்து விரல் நுனி வரை நாடா வைத்து அளக்கிறார்கள். கால் அங்குலத்துக்கெல்லாம் சண்டை போடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரிகிறது.

அளவுகள் ஏமாற்றிய கதைகள் உண்டு. 2008-இல் ஓஹையோ ஸ்டேட்டின் வெர்னன் கோல்ஸ்டன் 102 கிலோவை 37 முறை தூக்கினார். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 14 சாக்கும் எடுத்திருந்தார். நியூயார்க் ஜெட்ஸ் அவரை 6-ஆவதாக எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் ஒரு சாக்கைக்கூட எடுக்கவில்லை. 1995-இல் கம்பைனில் அசத்திய மைக் மமுலாவுக்காக ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், டாம்பா பேயிடம் இடம் மாற்றிக்கொண்டு 7-ஆவது இடத்துக்கு ஏறியது. டாம்பா 12-ஆவது இடத்தில் எடுத்தது வாரன் சாப்பை. களத்துக்கு வெளியே கிளம்பிய செய்திகளால் கீழே இறங்கி வந்த சாப், பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். மமுலாவை இன்றும் கேலி செய்கிறார்கள், அது கொஞ்சம் அநியாயம்: 31.5 சாக் எடுத்தவர் வெறும் உடற்பயிற்சி வீரர் அல்ல.

அப்படியென்றால் எதைத்தான் நம்புவது? ஆட்டப் பதிவுகளை. ஆனால், அதிலும் சாக் எண்ணிக்கையை மட்டும் கூட்டக் கூடாது. காவல் வீரரைக் கையால் வென்று வந்த சாக்கும், யாரும் தடுக்காமல் விட்டதால் வந்த சாக்கும் கணக்கில் ஒன்றுதான். பந்து அசைந்த கணமே கிளம்புகிறாரா? முதல் உத்தி தோற்றால் இரண்டாவது கைவசம் இருக்கிறதா? இரண்டு பேர் சேர்ந்து முட்டும்போது இடத்தை விடாமல் நிற்கிறாரா? ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மூச்சு வாங்குகிறதா? இதெல்லாம் எண்ணில் வராது. அலபாமாவின் மொபைல் நகரில் நடக்கும், கல்லூரி வீரர்களுக்கான சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சியில் ஒருவருக்கொருவர் மோதவிடுவதை அணிகள் விழுந்து விழுந்து பார்ப்பது இதனால்தான். டொனால்ட் அங்கே தன்னைவிடப் பெரிய ஆட்களைத் திணறடித்தார்.

2022-இல் இதே வழக்கு மறுபடி வந்தது. மிச்சிகனின் எய்டன் ஹட்சின்சன் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 14 சாக் எடுத்தவர், கை சுமார் 32 அங்குலம். ஜார்ஜியாவின் ட்ரெவான் வாக்கர் எடுத்தது 6, கை 35.5 அங்குலம். 123 கிலோ உடம்போடு 40 கெஜத்தை 4.51 விநாடியில் ஓடினார். ஜாக்சன்வில் வாக்கரை முதலாவதாக எடுத்தது. டெட்ராய்ட் அடுத்த இடத்தில் ஹட்சின்சனை எடுத்தது. முதல் பருவத்தில் ஹட்சின்சன் 9.5, வாக்கர் 3.5. ஜாக்சன்வில்லைப் பார்த்துச் சிரித்தார்கள். மறு பருவத்தில் 11.5-க்கு 10.