'பேக்கப்' ஃபைல்களை எல்லாம் டெலிட் பண்ணிடலாமா? எது குப்பை, எது உயிர்காப்பான்? முழு விளக்கம்!

கம்ப்யூட்டரில் டி டிரைவைத் திறந்தால் நீலக் கோடு சிவப்பாக மாறியிருக்கிறது. வேலை நடக்கும் நேரத்தில் "இடம் போதவில்லை" என்று எச்சரிக்கை வேறு வருகிறது. உடனே கண்ணில் படுவது பழைய புராஜெக்ட் ஃபோல்டர்கள்தான். உள்ளே போனால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கரெக்‌ஷன்', 'பேக்கப் ஆஃப் ஃபைனல்' என ஒரே வேலைக்கு ஏழெட்டு ஃபைல்கள். "இதெல்லாம் பழசு தானே, தூக்கிடலாம்" என்று மொத்தமாகத் தேர்வு செய்து டெலிட் கொடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் பலருடைய வேலையும் போய்விடுகிறது.

ஃப்ளெக்ஸ் டிசைன் கடை, கல்யாண ஆல்பம் ஸ்டூடியோ, வீட்டு பிளான் போடும் இன்ஜினியர் அலுவலகம், வீடியோ எடிட்டிங் அறை என எங்கும் இதே நிலைதான். இந்த பேக்கப் ஃபைல்கள் எங்கிருந்து வருகின்றன? எதை நீக்கலாம், எதைத் தொடவே கூடாது?

நாம் உருவாக்காத ஃபைல் எப்படி வருகிறது?

பெரும்பாலான பேக்கப் ஃபைல்களை உருவாக்குவது நாம் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்தான்.

கோரல் டிரா: டிசைனை சேவ் செய்யும்போது, அதற்கு முந்தைய நிலையை 'பேக்கப் ஆஃப்' என்ற பெயரோடு அதே ஃபோல்டரில் வைத்துவிடும். 200 எம்பி டிசைன் என்றால் பேக்கப்பும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். அப்படி 100 டிசைன் இருந்தால், பேக்கப்புக்கு மட்டுமே சுமார் 20 ஜிபி போய்விடும்.

ஆட்டோகேட்: ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முந்தைய வரைபடத்தை '.பிஏகே' என்ற விரிவுப் பெயரில் பக்கத்திலேயே வைக்கும். இதுதவிர, குறிப்பிட்ட நிமிட இடைவெளியில் தானாக எடுக்கும் ஆட்டோசேவ் ஃபைல் தனியாக டெம்ப் ஃபோல்டரில் இருக்கும். சாஃப்ட்வேரை முறையாக மூடினால் அது தானாகவே நீங்கிவிடும். கரண்ட் கட் ஆகி கம்ப்யூட்டர் நின்றுபோனால் அது அங்கேயே தங்கிவிடும்.

அடோபி பிரீமியர் புரோ: எடிட்டிங் புராஜெக்ட்டை அவ்வப்போது 'ஆட்டோ சேவ்' ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் இங்கே இடத்தை அடைப்பது ஆட்டோ சேவ் அல்ல, 'மீடியா கேஷ்' எனப்படும் தற்காலிக ஃபைல்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டு: டாக்குமெண்ட் திறந்திருக்கும்போது அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த சின்ன மறைவு ஃபைல் ஒன்று உருவாகும். இது பேக்கப்பே கிடையாது. "இந்த ஃபைலை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்பதற்கான அடையாளம் மட்டுமே. எல்லாரும் வேர்டை மூடிய பிறகும் அது அங்கேயே இருந்தால் தாராளமாக நீக்கலாம்.

ஒரே பெயர்... வேறு வேறு அர்த்தம்!

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. '.பிஏகே' என்றாலே ஆட்டோகேட் குப்பை என்று நினைப்பது தவறு. கடைகளிலும் அலுவலகங்களிலும் பில்லிங், கணக்கு வேலைக்குப் பயன்படும் பல சாஃப்ட்வேர்கள் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இயங்குகின்றன. அந்த டேட்டாபேஸ் பேக்கப்பும் வழக்கமாக இதே '.பிஏகே' பெயரில்தான் சேமிக்கப்படும்.

ஒருவர் சி டிரைவ் முழுவதும் தேடி, வந்த '.பிஏகே' ஃபைல்களை எல்லாம் அழித்தால், வரைபடத்தின் பழைய நகலோடு சேர்த்து மூன்று வருட பில் கணக்கின் ஒரே பேக்கப்பும் போய்விடலாம். அன்றைக்கு எதுவும் தெரியாது. என்றைக்கு மெயின் டேட்டா கெட்டுப் போகிறதோ, அன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் ஃபைலின் விரிவுப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த சாஃப்ட்வேர் உருவாக்கியது, அதன் மெயின் ஃபைல் பக்கத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களே தப்பவில்லை

1998-ல் பிக்சார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' அனிமேஷன் படம் தயாராகிக் கொண்டிருந்தது. தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு டெலிட் கட்டளையால், படத்தின் ஃபைல்களில் சுமார் 90 சதவீதம் அழிந்துபோனது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள்.

2017 ஜனவரி 31-ம் தேதி, கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் வேறொரு சர்வர் என்று நினைத்து, மெயின் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். சட்டென்று நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அங்கே ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். பேக்கப் இருக்கிறது என்று நம்புவது வேறு, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்வது வேறு.

பாதுகாப்பாக நீக்குவது எப்படி? படிப்படியாக...

1. முதலில் முழு நகல்: சுத்தம் செய்யும் முன் அந்த புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் அங்கிருந்து இரண்டு, மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு புராஜெக்ட்: டிரைவ் முழுவதும் தேட வேண்டாம். ஒரு புராஜெக்ட் ஃபோல்டருக்குள் சென்று, மேலே உள்ள தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, அதன் பிறகு விரிவுப் பெயர் என டைப் செய்தால் அந்த வகை ஃபைல்கள் மட்டும் வரும். 'டீடெய்ல்ஸ்' முறையில் வைத்து 'சைஸ்' மீது கிளிக் செய்தால் பெரிய ஃபைல்கள் மேலே வந்துவிடும்.

3. மெயின் ஃபைலைத் திறந்து பாருங்கள்: இதைத்தான் பலர் செய்வதில்லை. மெயின் டிசைன் கரப்ட் ஆகியிருந்தால், நீங்கள் குப்பை என்று நினைக்கும் பேக்கப்தான் ஒரே வழி. ஆட்டோகேட்டில் '.பிஏகே' ஃபைலைக் காப்பி எடுத்து, விரிவுப் பெயரை '.டிடபிள்யூஜி' என்று மாற்றினால் பழைய வரைபடம் திறக்கும். கோரல் டிராவில் பேக்கப் ஃபைலை நேரடியாகவே திறக்கலாம்.

4. அழிக்காதீர்கள், நகர்த்துங்கள்: 'நீக்க வேண்டியவை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் புராஜெக்ட் பெயரிலும் தேதியிலும் தனித்தனி ஃபோல்டர் வைத்து, வேண்டாத ஃபைல்களை அங்கே மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், எது எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

5. ஒரு மாதம் பொறுங்கள்: அதற்குள் கஸ்டமர் "அந்தப் பழைய டிசைனே நல்லா இருந்துச்சு, அதையே போடுங்க" என்று வந்து நின்றாலும் கவலை இல்லை. ஒரு மாதத்தில் யாரும் தேடவில்லை என்றால் நிரந்தரமாக நீக்கிவிடலாம்.

இடம் உடனே வேண்டும் என்றால் அந்த 'நீக்க வேண்டியவை' ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

எவற்றைத் தொடவே கூடாது?

வீடியோ எடிட்டிங்கில் புராஜெக்ட் ஃபைல் மிகச் சிறியதாக இருக்கும். ஏனெனில் அதற்குள் வீடியோ கிடையாது, வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். "எடிட் முடிஞ்சுதே" என்று கேமராவில் எடுத்த ஒரிஜினல் வீடியோவை அழித்தாலோ, வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ, அடுத்த முறை திறக்கும்போது 'மீடியா ஆஃப்லைன்' என்றுதான் வரும். மாற்றிய ஃபைலை மறுபடியும் இணைத்துவிடலாம். அழித்ததை முடியாது. மீடியா கேஷை நீக்குவதில் பயமில்லை. தேவைப்பட்டால் சாஃப்ட்வேரே மறுபடி உருவாக்கிக்கொள்ளும், முதல் முறை திறக்கும்போது கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

புரோகிராம் எழுதுபவர்களின் ஃபோல்டரில் '.கிட்' என்ற மறைவு ஃபோல்டர் இருக்கும். பார்க்க குப்பை போலத் தெரிந்தாலும், அந்த புராஜெக்ட்டின் முழு மாற்ற வரலாறும் அதற்குள்தான் இருக்கிறது. 'கிட் கிளீன்' கட்டளையைப் பயன்படுத்துபவர்கள், எது எது அழியும் என்ற பட்டியலைக் காட்டும் சோதனை முறையை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். அது அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

ரீசைக்கிள் பின் இருக்கே... என்ன பயம்?

ரீசைக்கிள் பின் எப்போதும் காப்பாற்றாது. பென்டிரைவிலிருந்தோ, அலுவலக நெட்வொர்க்கில் ஷேர் செய்யப்பட்ட ஃபோல்டரிலிருந்தோ அழித்தால், பொதுவாக நேரடியாக நிரந்தரமாகவே போய்விடும். 'ஷிஃப்ட்' பட்டனோடு டெலிட் கொடுத்தாலும் அதே கதைதான்.

கூகுள் டிரைவில் அழித்தவை டிராஷில் 30 நாள்தான் இருக்கும். கம்ப்யூட்டரோடு 'சிங்க்' ஆகும் ஃபோல்டரில் ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும். எனவே சிங்க் என்பது பேக்கப்புக்கு மாற்று ஆகாது.

தவறுதலாக நிரந்தரமாக அழித்துவிட்டால், அந்த டிரைவில் புதிதாக எதையும் சேவ் செய்யாமல் வேலையை உடனே நிறுத்த வேண்டும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் மீட்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டியில், அழித்த இடத்தை டிரைவே காலி செய்துவிடும் 'டிரிம்' வசதி இருப்பதால் வாய்ப்பு மிகக் குறைவு.

பேக்கப் வராமலே நிறுத்தலாமா?

முடியும். கோரல் டிராவில் 'டூல்ஸ்' மெனுவின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மேக் பேக்கப் ஆன் சேவ்' என்ற டிக்கை எடுக்கலாம். ஆட்டோகேட்டில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஓபன் அண்ட் சேவ்' பகுதியில் ஒவ்வொரு சேவுக்கும் பேக்கப் எடுக்கும் டிக்கை எடுக்கலாம்.

ஆனால் சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் கைகொடுப்பது இந்த ஃபைல்தான். யுபிஎஸ் இல்லாத இடத்தில் இதை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. இடப் பிரச்னைக்கு, வேலை முடிந்து டெலிவரி கொடுத்த புராஜெக்ட்களில் மட்டும் மாதம் ஒருமுறை சுத்தம் செய்தாலே போதும்.

முக்கியமான வேலைகளுக்கு '3-2-1' என்ற எளிய கணக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படுகிறது. மொத்தம் 3 நகல்கள், 2 வேறு வகை சாதனங்களில், அதில் 1 நகல் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால், புராஜெக்ட் ஃபோல்டரில் கிடக்கும் பழைய பேக்கப்களை நிம்மதியாக நீக்கலாம். இல்லையென்றால், டெலிட் பட்டனைத் தொடும் முன் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குவதுதான் முதல் வேலை.