கடைக்குப் போக கார் எதற்கு? லைசென்ஸ் கேட்காத 250 வாட் எலெக்ட்ரிக் பைக் ஜோலார்பேட்டைக்கு சரிப்பட்டு வருமா?

பால் பாக்கெட், ரேஷன் அரிசி, டியூஷன், ஸ்டேஷனில் டிராப்... ஜோலார்பேட்டையில் ஒரு குடும்பத்தின் அன்றாட அலைச்சல் பெரும்பாலும் நாலைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இதற்கு காரை எடுத்தால், மார்க்கெட்டில் நிறுத்த இடம் தேடவே பாதி நேரம் போய்விடும்.

எலெக்ட்ரிக் வண்டி நம் பகுதிக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் ஆம்பியர், போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். ஆனால், நாம் இங்கே பேசப்போவது அதிவேக ஸ்கூட்டர்கள் பற்றி அல்ல; லைசென்ஸே தேவைப்படாத சின்ன வண்டிகள் பற்றி.

எதற்கு லைசென்ஸ் வேண்டாம்?

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள். இந்த மூன்றும் பொருந்தி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்றும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது 'மோட்டார் வாகனம்' கிடையாது. ஆர்.டி.ஓ பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதுவும் கட்டாயமில்லை. லைசென்ஸ் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் மற்றவர்களை எதிர்பார்த்திருக்கும் அம்மாக்களுக்கு இது பெரிய விடுதலை.

கணக்கு என்ன சொல்கிறது?

இத்தகைய வண்டியை ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்ய சுமார் ஒன்றரை யூனிட் கரன்ட் ஆகும். அதில் 50 கிலோமீட்டர் வரை ஓடும். யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் கிலோமீட்டருக்கு 30 பைசாதான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் ஆகிவிடும். தினமும் 6 கிலோமீட்டர் என்றால், மாதத்துக்கு காருக்கு 1,260 ரூபாய். இதற்கு 54 ரூபாய். சில வருடங்களில் பேட்டரி மாற்றும் செலவு வரும். அதற்கும் சேர்த்து இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

எங்கே திணறும்?

25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஊருக்குள் போவதில் சிக்கல் இல்லை. திருப்பத்தூருக்கும் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது ஆகாது. ஓரளவு ஏற்றத்திலேயே வேகம் சைக்கிள் அளவுக்கு இறங்கிவிடும். லாரிகள் பறக்கும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போவது ஆபத்து. கொட்டும் மழை, நடுராத்திரி ஆஸ்பத்திரி, நாலு பேர் சேர்ந்து போகும் கல்யாணம் - இதற்கெல்லாம் கார்தான், இல்லையென்றால் ஆட்டோதான்.

கடைக்காரர் 'ஸ்பீடு ஏத்தித் தர்றேன்' என்றால்?

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகக் கட்டுப்பாட்டை எடுத்த அந்த நிமிடமே விதிவிலக்கும் போய்விடும். பதிவும் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியதாக ஆகும். யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈடு உங்கள் கையிலிருந்துதான். வேகத்தை ஏற்றாத வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் இதே நிலைதான் என்பதால், விருப்பக் காப்பீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

சார்ஜ் போடும் இடம் முக்கியம்!

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி தந்தையும் மகளும் இறந்தார்கள். அதை நம் மாவட்டங்கள் மறக்கக் கூடாது. படுக்கையறையிலோ, வெளியேறும் ஒரே வாசலை மறித்தோ சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தைத் தவிருங்கள். ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகு, கம்பெனி கொடுத்த சார்ஜரில் மட்டும் போடுங்கள்.

அப்படியென்றால் வாங்கலாமா?

ஏற்கெனவே கார் இருந்தால் விற்க வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் அது வாசலில் ஓய்வெடுக்கட்டும். ஊருக்குள் அலையத்தான் கார் வாங்க நினைக்கிறீர்கள் என்றால், கடன் போடும் முன் ஒரு வாரம் எங்கெங்கே, எத்தனை கிலோமீட்டர் போனீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், சின்ன வண்டியும் அவசரத்துக்கு ஆட்டோவும் போதும். மாதாமாதம் இ.எம்.ஐ கட்டும் கவலை மிச்சம்!